தூர் எடுத்த கண்மாய்: கருவேல வரைபடத்தோடு மூன்று ஊர்கள்

புரட்டாசி பிறந்த வாரத்தில் ஒரு சனி, ஞாயிறு கைக்குக் கிடைத்தது. மதுரையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். வெளியிலிருந்து வந்து மண்ணைப் பிடித்துக்கொண்ட செடி கொடிகளைப் பற்றி அடுத்த வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு பத்தியும் ஒரு மங்கலான படமும்தான். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். இருபது வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

இந்த முறை கையில் வேறொன்று இருந்தது. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு ஒரு வரைபடம் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியிலேயே திறக்கும். எந்தக் கண்மாயைத் தொட்டாலும் அது ஒரு நிறத்தில் எழும்பி, தன் கதையைச் சொல்லும். சிவப்பு என்றால் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. மஞ்சள் என்றால் வெட்டினார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது. நீலம் என்றால் "தூர் எடுக்கப்பட்டது". அடியில் ஒரு பட்டை இருக்கும். அதை இடமிருந்து வலமாகத் தள்ளினால் வருடங்கள் ஓடும், சிவப்பு எப்படிப் பரவியது என்று கண்முன்னே தெரியும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்து முதலில் நிறம் போடுகிறார்கள். பிறகு ஆட்கள் நேரில் போய், ஊர்க்காரர்களிடம் கேட்டு உறுதி செய்கிறார்கள். இதற்குமேல் "நடைப்பாதை" என்று தனியாக ஓர் அடுக்கு. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு எந்தக் கண்மாய்க்குள் இறங்கி நடக்கலாம் என்று இரண்டு பாதச்சுவடு போட்டுக் காட்டும். நீலக் கண்மாய்களில் எல்லாம் அந்தச் சுவடு உண்டு.

நிறத்துக்கு ஒரு கண்மாய், கண்மாய்க்குச் சில புகைப்படம், அதை வகுப்பில் போட்டுக் காட்டினால் போதும் என்று திட்டம் போட்டேன். கூடவே உங்களுக்கும் ஒரு கட்டுரை. இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பஸ்ஸில் போகிறவள். கார் வைத்திருப்பவர்கள் நான் சொல்லும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், "எங்கே பார்க்கிங்" என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறி, காரியாபட்டியில் இறங்கி, விருதுநகர் போகிற டவுன் பஸ்ஸில் மல்லாங்கிணறு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு மதுரை டிக்கெட்டோடு சரி. எட்டரைக்கெல்லாம் போய்விடலாம். கடைத்தெருவில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊரைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் வரைபடத்தில் சிவப்பாகத் தெரிகிற கண்மாய்.

கண்மாய் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கரை இருக்கிறது, மடை இருக்கிறது, உள்ளே தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் புகமுடியாத முள்ளுக்காடு. மழையே இல்லாத மாதத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. வேர் அவ்வளவு ஆழம் போய் உறிஞ்சுகிறது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கித் தன் வீடு எங்கே என்று தேடினார். கருவைக்காயை ஆடு தின்னும், கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு விழும், விழுந்த இடத்தில் முளைக்கும் என்று நான் வகுப்புக்கு எழுதி வைத்திருந்ததை அவரிடமே விளக்கினேன். அவர் தன் ஆடுகளைப் பார்த்துச் சிரித்தார். "தூர் எடுத்து எந்தக் காலமோ ஆச்சு. மண்ணு மேவிப் போயி மடையே தெரியல. இதுல கருவையச் சொல்லி என்ன செய்ய" என்றார். வண்டல் வாரி எத்தனையோ வருடம் ஆகிறது என்கிறார். குறித்துக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரைக்குப் பக்கத்தில் சாமி கும்பிடுகிற இடத்தில் ஐந்தாறு உடைமரங்கள் நிற்கின்றன. நம் ஊர் மரம், குடை விரித்தாற்போல் தலை, வெள்ளை முள். கோடையிலும் இலை இருப்பதால் வரைபடம் அவற்றையும் சிவப்பாகவே காட்டுகிறது. வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் முள்ளுமரம்தான் போலிருக்கிறது. சிவப்பாகத் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள்.

அங்கிருந்து திரும்பிக் காரியாபட்டி, பிறகு அருப்புக்கோட்டை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதியில் அறுநூறு ரூபாய்க்கு அறை. தண்ணீர் வந்தது, மின்விசிறி சுற்றியது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. காராச்சேவு வாங்கினேன், மதுரை போய்ச் சேருமுன் தீர்ந்துபோனது.

ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டி. இது மஞ்சள். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து, சாலை பிரிகிற விலக்கில் இறங்கினால் ரோட்டிலிருந்தே கண்மாய் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அடியோடு வெட்டியதாக வரைபடம் சொல்கிறது. அடியோடு என்பது வரைபடத்தின் சொல். நான் பார்த்தது முழங்கால் உயரத்துக்கு விட்டுவைத்த கட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஏழெட்டுக் கிளை கிளம்பி என் தலைக்குமேல் நின்றது. ஒற்றை மரமாக இருந்ததைப் புதராக்கி வைத்திருக்கிறார்கள். வெட்டியதே அதற்கு உரமாகிவிட்டது.

பக்கத்துப் பருத்திக் காட்டில் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற விவசாயி ஒருவர் வந்து பேசினார். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் அவருக்கு நிலம் இருக்கிறது, தண்ணீர்தான் வருவதில்லை. வெட்டுகிறவர்களுக்கு விறகுதான் கணக்கு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏலம் எடுத்து வெட்டிக் கரிமூட்டம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார். "தூரு கெடக்குற வரைக்கும் இது சாகாது. தூர எடுக்கணும்" என்று ஒரு கட்டையைக் காலால் தட்டிக் காட்டினார்.

முந்தின நாள் மல்லாங்கிணற்றில் அந்தப் பெண் சொன்னதும் தூர்தான், இவர் சொல்வதும் தூர்தான். அங்கே வண்டல், இங்கே மரத்தின் அடிக்கட்டையும் வேரும். தமிழ் வாத்தியார் யாராவது இருந்தால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். வகுப்பில் சொல்ல ஒரு சுவாரசியமான துணுக்கு கிடைத்தது என்ற சந்தோஷத்தில் திருச்சுழி பஸ் ஏறினேன். அந்தச் சந்தோஷம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

திருச்சுழியில் டீ மட்டும் குடித்துவிட்டு, கோயிலுக்குள்கூடப் போகாமல், பத்தே முக்காலுக்கு நரிக்குடி போய் இறங்கினேன். என் நீலக் கண்மாய் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் மத்தியானம்தான். ஆட்டோ நிறுத்தத்தில் முதலில் நின்றவரிடம் கேட்டேன். பெயர் முனியசாமி, முப்பத்தைந்து வயதிருக்கும். எந்த ஊர் என்றார். ஊர் பெயர் சரியாக வாயில் வராமல் வரைபடத்தைத் திறந்து நீலத்தைக் காட்டினேன்.

அவர் கைப்பேசியை வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்க என்னத்தப் பாக்கப் போறீக?" என்றார். நல்லபடியாக வேலை முடிந்த கண்மாய் என்று போட்டிருக்கிறதே, படம் எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்றேன். போய்வர, அங்கே நிற்க, எல்லாம் சேர்த்து ஐந்நூறு என்றார். நான் நானூறு என்றேன். "ஐந்நூறு குடுங்கக்கா. அது எங்க ஊருதான்" என்றார். சொந்த ஊருக்குப் போக எதற்குக் கூட வாங்குகிறார் என்று மனதுக்குள் முனகிக்கொண்டு ஏறினேன்.

வழி முழுக்க இரண்டு பக்கமும் கருவை. நடுநடுவே உழுது போட்ட காடு, மழைக்குக் காத்திருக்கிறது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், அவர் பிடிகொடுக்கவில்லை. ஒரு நிழற்குடை வந்ததும் வண்டியை மெதுவாக்கினார். அதுதான் ஊருக்குப் பஸ் நிற்கும் இடமாம். ஊர் கண்மாய்க்கு அந்தப் பக்கம். வண்டி நேரே போய்க் கரையில் ஏறியது.

கண்மாய் பெரியது. முள்ளுக்காடு இல்லை, அதுவரைக்கும் வரைபடம் சொன்னது உண்மை. இரண்டு நாளாக முள்ளையே பார்த்த கண்ணுக்கு அந்த வெட்டவெளி பெரிய ஆறுதலாக இருந்தது. அடியில் புல் மண்டியிருந்தது, எதிர்க்கரையில் ஊரின் ஓட்டு வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. நிழற்குடையிலிருந்து கண்மாய்க்குள்ளேயே குறுக்காக ஓர் ஒற்றையடிப் பாதை போய் ஊரில் ஏறுகிறது. வரைபடத்தில் பாதச்சுவடு போட்டிருந்ததும் அந்தப் பாதையில்தான். நல்ல படம் கிடைக்கும் என்று செருப்பை இறுக்கிக்கொண்டு சரிவில் காலை வைத்தேன்.

"எறங்காதீகக்கா" என்றார் முனியசாமி. "நான் முன்னால போறேன். எங் காலு வச்ச எடத்துல காலு வைங்க."

முதல் குழி இருபது அடியிலேயே வந்தது. புல் மூடியிருந்ததால் விளிம்புக்குப் போகிறவரை தெரியவில்லை. ஒரு மாட்டுவண்டியை உள்ளே இறக்கலாம். முனியசாமி உள்ளே இறங்கி நின்றார், அவருடைய தலை என் பாதத்துக்குக் கீழே இருந்தது. அதற்கப்புறம் இன்னொன்று, அதையடுத்து இரண்டு சேர்ந்தாற்போல். எட்டிய தூரம்வரை அந்தப் பெரிய வெளி முழுவதும் குழிகள். கருவேல மரம் நின்ற ஒவ்வொரு இடத்திலும் இயந்திரம் கையை விட்டுத் தூரைப் பிடுங்கி எடுத்திருக்கிறது. எடுத்தவர்கள் மண்ணைத் தள்ளிக் குழியை மூடவில்லை. குழிக்குள் ஈரம் நின்றதில் கருவைக் கன்றுகள் விரல் உயரத்துக்குக் கூட்டம் கூட்டமாக முளைத்திருந்தன. மூன்று வருடம் போனால் இதுவும் சிவப்பாகிவிடும்.

வண்டல் எடுத்தால் கண்மாய் ஒரு மட்டமாக, சரிவாக ஆழமாகும். நடந்து பழகியவர்களுக்கு அது தெரியும். தூர்க்கட்டையைப் பிடுங்கினால் இப்படிக் குழி விழும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே நீலம். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. இதை அவரிடம் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவர் பாதையில் ஓர் இடத்தில் நின்றிருந்தார். அங்கே மட்டும் மண் புதிதாக மூடி, மேடு தட்டி இருந்தது.

"எந் தங்கச்சி இங்கதான்க்கா முங்கிப் போனா" என்றார்.

பஞ்சவர்ணம் என்று பெயர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்கு வந்தவள். அவர் சொன்னதை நான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. விட்டு விட்டுச் சொன்னார், நடுவில் ஆடுகளை விரட்டினார், ஒருமுறை கண்மாயை விட்டு ஏறிப் போய் வண்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அந்தக் கோடையில் கண்மாய்க் கருவையை வெளியூர்க்காரர் ஒருவர் ஏலம் எடுத்தார். மரத்தை வெட்டியதோடு நிற்காமல் இயந்திரம் கொண்டுவந்து தூரையும் எடுத்தார், ஏனென்றால் தூர்க்கட்டையில் சுடுகிற கரிக்கு விலை அதிகம். ஊரில் மைக் வைத்துச் சொன்னது கண்மாயில் தூர் எடுக்கிறோம் என்று மட்டும்தான். பாதி ஊர் வண்டல் வாருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டது, மீதி ஊர் கருவையைத் தூரோடு எடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு தரப்புக்கும் சந்தோஷம்தான், யாரும் எந்தத் தூர் என்று கேட்கவில்லை. முனியசாமி முதல் ரகம். காலையில் வண்டி எடுத்தால் இரவுதான் திரும்புவார், கண்மாய்க்குள் இறங்கிப் பார்க்கவில்லை. கண்மாயின் கிழக்கு மூலையைத் தொடாமல் வைத்திருந்து கடைசியாகத் தோண்டினார்கள், பாதை போகிற மூலை அதுதான். தோண்டி முடித்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. இயந்திரம் போய்விட்டது.

தீபாவளிக்கு வந்த தங்கை நிழற்குடையில் இறங்கி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் நரிக்குடியில் சவாரியில் இருந்தார். காத்திருக்கவா, நடந்து வரவா என்று கேட்டாள். கரை வழியாகச் சுற்றினால் முக்கால் மணி நேரம் நடை. கண்மாய்க்குள் குறுக்காக வந்தால் கால் மணி. அந்த மூலையில் எந்த மழைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. சின்ன வயதிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்த தண்ணீர். பழைய பயம் முள்ளுக்குத்தான், தண்ணீருக்குள் கிடக்கும் கருவை முள் செருப்பையும் துளைக்கும்.

"தூர் எடுத்தாச்சு, முள்ளு இல்ல, வெறுங்காலோட வான்னு சொன்னேன்க்கா" என்றார். "அதத்தான் சொன்னேன்."

கலங்கல் தண்ணீர். குழியும் தரையும் ஒரே நிறம். எதிர்க்கரையில் இருந்த ஆட்கள் துணிப்பை மிதப்பதைப் பார்த்துத்தான் இறங்கினார்கள். பைக்குள் முனியசாமியின் பிள்ளைகளுக்கு எடுத்து வந்த தீபாவளித் துணி இருந்ததாம்.

வரைபடத்தை மூடிக் கைப்பேசியைப் பையில் போட்டேன். அவர்தான் அதை வெளியே எடுக்கச் சொன்னார். அந்த நீலம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். போன வருடம் மழைக்கு முந்தின வாரம் வரைபடத்துக்காரர்கள் நரிக்குடி ஆட்டோ நிறுத்தத்தில் வந்து கேட்டிருக்கிறார்கள். இந்தக் கண்மாய் ஊர்க்காரர் யார் என்று விசாரித்து அவரிடம் வந்திருக்கிறார்கள். தூர் எடுத்தாச்சு என்று அவர்தான் சொன்னார். அவர்கள் நீலத்தை அழுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரே பதிலை இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

விழுந்த குழியை ஊர் கூடி மண்வெட்டியால் மூடியது. மற்றவற்றை மூட இயந்திரம் வேண்டும். கம்பு நட்டுத் துணி கட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் நின்றதும் சேறு நெகிழ்ந்து கம்பு சாய்ந்துவிடுகிறது. மனு எழுதிக்கொண்டு முனியசாமி ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் பேசியிருக்கிறார். ஆனால் இது வேலை முடிந்த கண்மாய், முடிந்த வேலைக்குத் திரும்பப் பணம் ஒதுக்க வழியில்லை என்று சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். திரையில் இதே வரைபடம், இதே நீலம். இன்னும் ஒரு மாதத்தில் அடுத்த மழை வந்துவிடும், குழிகள் மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். ஊர்க்காரர்கள் இப்போது கரையைச் சுற்றித்தான் போகிறார்கள். வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? என்னைப் போல ஒருத்தி கைப்பேசியில் பாதச்சுவட்டைப் பார்த்துக்கொண்டு இறங்கினால்?

"இந்த நீலத்த அழிக்க முடியுமாக்கா?" என்றார்.

முடியும் என்று சொன்னேன். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று அந்த வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது, வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்வதாகவும் இருந்தேன். கரையில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. திருத்தப் பக்கம் திறக்கவே ஐந்து நிமிடம். முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அடர்ந்த கருவேலம், வெட்டித் துளிர்த்தது, தூர் எடுக்கப்பட்டது, கருவேலம் இல்லை. குழி என்று ஒன்று இல்லை.

சிவப்பைப் போட்டுவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அப்போது முடிந்த வேலைப் பட்டியலிலிருந்தாவது வெளியே வரும். அவர் யோசித்தார். "செவப்பப் போட்டா மறுபடியும் மிஷினு வரும். வந்தா இன்னும் தோண்டுவாக" என்றார். கருவேலம் இல்லை என்று போட்டால் பாதச்சுவடு அப்படியே நிற்கும். நிறம் எதையும் தொடாமல் குறிப்பு மட்டும் எழுதப் பார்த்தேன், பெட்டி திறக்கவில்லை. ஏதாவது ஒரு நிறத்தை அழுத்தினால்தான் எழுதவே விடுகிறது. கடைசியில் அவர் சொன்னார்: "தூர் எடுத்தது பொய்யில்லையே. அதையே அமுக்குங்க. கீழ எழுதுவோம்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தூர் எடுத்த குழி மூடவில்லை, தண்ணீர் நின்றால் தெரியாது, ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம், கரைமேல் போகவும். அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றதும் ஒரு பச்சைப் பட்டையில் பதில் வந்தது. "நன்றி. இந்த இடத்தைத் தூர் எடுக்கப்பட்டது என உறுதி செய்தவர்கள்: 3." குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீலம் முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. உறுதி செய்தவர்கள் கூடக்கூட நிறம் கூடும் என்று வரைபடத்தின் விளக்கத்தில் நான் முன்பே படித்திருக்கிறேன்.

முனியசாமி அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "நானு, அன்னைக்கு வந்தவுக, இப்ப நீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நரிக்குடியில் இறக்கிவிட்டுப் பேசிய ஐந்நூறை வாங்கிக்கொண்டார். எண் கொடுத்துக்கொண்டோம். இரண்டரை மணிக்கு அருப்புக்கோட்டை பஸ், அங்கிருந்து மதுரை, வீட்டுக்கு வர ஆறரை. வழியில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஊர் வந்ததும் வரைபடத்துக்காரர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். வண்டல் வாரியதற்கு ஒரு நிறம், தூர்க்கட்டை எடுத்ததற்கு ஒரு நிறம், மூடாத குழிக்குத் தனியாக ஒரு குறி, இதெல்லாம் வரும்வரை பாதச்சுவட்டை நீக்குங்கள் என்று கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. குறிப்புகள் ஒருங்கிணைப்பாளர்களுக்கு மட்டும் தெரியும், எல்லாரும் தங்கள் வேலைக்கு நடுவே இதைச் செய்கிறவர்கள், அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கூலி வாங்காமல் வெயிலில் அலைந்து இவ்வளவு செய்தவர்கள் என்பதும் தெரியும். அந்த வரைபடம் இல்லாவிட்டால் கருவேலம் எப்படிப் பரவியது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிக் காட்டியிருக்கவே முடியாது. இரண்டும் எனக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

வகுப்பு எடுத்தேன். பட்டையைத் தள்ளிச் சிவப்பு பரவுவதைக் காட்டியபோது பின்வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. நீலத்துக்கு வந்ததும் நிறுத்தி, தூர் என்றால் என்ன என்று தாளில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் வண்டல் என்று எழுதினார்கள், மீதிப் பேர் வேர் என்று எழுதினார்கள். எல்லாருக்கும் சரி என்றுதான் போட வேண்டும். போட்டுவிட்டு, பஞ்சவர்ணத்தைப் பற்றிச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு நாள் போதும், பஸ், அறை, சாப்பாடு, ஆட்டோ சேர்த்து எனக்கு ஆயிரத்து அறுநூறு ஆனது. மழைக்கு முன்னால் போனால் கண்மாயின் அடியைப் பார்க்கலாம். தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், திருச்சுழி தாண்டினால் சிக்னல் வரும், போகும். சிவப்பைப் பார்த்தால் மரத்தைப் பாருங்கள், உடைமரமாக இருக்கலாம். மஞ்சளைப் பார்த்தால் எத்தனை முறை வெட்டியது என்று கேளுங்கள். நீலத்தைப் பார்த்தால் எந்தத் தூர் என்று கேளுங்கள், ஊருக்குள் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால், முழங்கால் அளவுதான் என்று யார் சொன்னாலும், பாதச்சுவடு இருந்தாலும் இறங்காதீர்கள்.

அந்தக் கண்மாயின் பெயரை எழுதலாமா என்று முனியசாமியிடம் கேட்டேன். எழுதச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். வேண்டாம் என்றார். "எங்க ஊரு பேரப் போட்டா, இது ஒண்ணுலதான் குழி கெடக்குன்னு நெனச்சுக்குவாக" என்றார். ஆகவே போடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஐப்பசி பிறந்து பத்து நாள். மதுரையில் இரண்டு நாளாக மழை. நேற்றுச் சாயங்காலம் முனியசாமி கூப்பிட்டார். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"வந்துருச்சுக்கா" என்றார். "ஒரே மட்டமாக் கெடக்கு."

கரைமேலேயே போங்கள். முக்கால் மணி நேரம் ஆகும்.